டை ராட் எண்டின் நட் சுற்றிக்கொண்டே இருக்கிறது, கழலவில்லை

அச்சாணி எழுதியது:

வணக்கம். முன்சக்கரங்களால் இயங்கும் சிறிய கார், ஒரு லட்சத்து இருபதாயிரம் கிலோமீட்டர் ஓடியது. ஸ்டியரிங்குக்கு மின்மோட்டார் உதவி உண்டு. மெதுவாகப் போகும்போது சின்னப் பள்ளத்தில் இறங்கினாலும் முன்பக்கம் 'டொக்' என்று ஒரு சத்தம். நேர்சாலையில் ஸ்டியரிங்கைச் சற்று அசைத்தால் வண்டி அதைக் கண்டுகொள்வதே இல்லை. முன்பக்கத்தைத் தூக்கி, கடிகாரத்தில் 9, 3 இருக்கும் இடங்களில் சக்கரத்தைப் பிடித்து அசைத்தால் இரண்டு பக்கமும் ஆட்டம் தெரிகிறது. 12, 6 இருக்கும் இடங்களில் பிடித்தால் ஆட்டமே இல்லை. அதனால் ஸ்டியரிங் கம்பியைச் (டை ராட்) சக்கரத்தோடு இணைக்கும் மூட்டுகளான வெளிப்புற டை ராட் எண்ட் இரண்டையும் மாற்ற முடிவு செய்தேன்.

வலப்பக்கம் தொல்லை கொடுக்காமல் முடிந்தது. இடப்பக்கத்தில் காட்டர் பின்னை (நட் கழலாமல் தடுக்கும் ஊசி) உருவி நட்டைக் கொஞ்சம் தளர்த்தியதுமே, நட் ஏறியிருக்கும் மரைத் தண்டான ஸ்டட்டும் சேர்ந்து சுற்றத் தொடங்கிவிட்டது. ஸ்பேனர் திரும்புகிறது, நட் அதே உயரத்தில் நிற்கிறது. துரு இளக்கும் எண்ணெய் அடித்தும் பயனில்லை. வண்டி ஸ்டாண்டில் நிற்கிறது. என்ன செய்யலாம்?

இன்னொன்று: பழையதைக் கழற்றும்போது எத்தனை சுற்று என்று எண்ணி, புதியதையும் அதே எண்ணிக்கையில் திருகினால் அலைன்மென்ட் (சக்கரங்களின் கோணச் சீரமைப்பு) பார்க்காமல் விட்டுவிடலாமா?

கரிக்கை எழுதியது:

ஸ்டட் சுற்றுகிறது என்றால் அதன் கூம்புப் பகுதி நக்கிளை (சக்கரத்தைத் தாங்கும் உலோகத் துண்டு) விட்டுவிட்டது என்று பொருள். மற்றவர்கள் மல்லுக்கட்டுவதே அந்தக் கூம்பை விடுவிக்கத்தான். உங்களுக்கு அது தானாகவே நடந்திருக்கிறது. இப்போது கூம்பைக் கொஞ்ச நேரம் மறுபடியும் நக்கிளில் கவ்வ வைக்க வேண்டும், அவ்வளவுதான்.

நட் மேல்பக்கம் இருந்தால், பால் ஜாயின்ட் கிண்ணத்துக்கு அடியில் ஒரு சிறு ஜாக்கியை வைத்து மெல்ல ஏற்றுங்கள். கூம்பு துளைக்குள் இறுகி உட்காரும், உராய்வில் ஸ்டட் நின்றுவிடும், நட் கழலும். வண்டியே ஸ்டாண்டிலிருந்து எழும்பிவிடும் அளவுக்கு ஏற்றாதீர்கள். கண்ணை ஸ்டாண்டின் மேலேயே வைத்திருங்கள். நட் கீழ்ப்பக்கம் இருந்தால், மேலிருந்து நீண்ட கம்பியால் கிண்ணத்தைக் கீழ்நோக்கி நெம்பிப் பிடிக்க இன்னொரு ஆள் வேண்டும். சில ஸ்டட்களின் நுனியில் அறுகோணக் குழி இருக்கும், துருவும் சேறும் அதை மூடியிருக்கும். கம்பித் தூரிகையால் தேய்த்துப் பாருங்கள். குழி இருந்தால் ஆலன் சாவியால் பிடித்துக்கொண்டு நட்டைத் திருப்பலாம்.

எதுவும் நடக்கவில்லையென்றால் நட்டை வெட்டிவிடுங்கள். பழைய எண்ட் எப்படியும் குப்பைக்குத்தான் போகிறது. நக்கிளில் மட்டும் வெட்டு விழக்கூடாது.

பழைய பட்டறை எழுதியது:

தம்பி, கரிக்கை சொன்னது சரி. கழற்றியபின் ஒன்றைக் கவனிக்க மறக்காதீர்கள். ஸ்டட் நக்கிளுக்குள் சுற்றியிருக்கிறது. அது நீங்கள் ஸ்பேனர் போட்டபோதுதான் தொடங்கியதா, வண்டி ஓடும்போதே சுற்றிக்கொண்டிருந்ததா? துளையைத் துணியால் துடைத்து விரலை உள்ளே விட்டுப் பாருங்கள். வழுவழுப்பாக இருந்தால் நல்லது. வரிகள், படிகள் தட்டுப்பட்டாலோ, புதிய ஸ்டட்டை நட் இல்லாமல் உட்காரவைத்து அசைக்கும்போது ஆடினாலோ அந்த நக்கிள் வேலைக்கு ஆகாது. எவ்வளவு முடுக்கினாலும் கொஞ்ச நாளில் தளர்ந்துவிடும்.

கூம்பில் கிரீஸ் தடவச் சொல்பவர்கள் உண்டு, கேட்காதீர்கள். அது உலர்ந்த உராய்வில் கவ்வி நிற்க வேண்டிய இடம். காட்டர் பின் துளை நேராக வரவில்லையென்றால் நட்டை இன்னும் சற்று முடுக்கி நேராக்குங்கள், பின்னோக்கித் தளர்த்தக் கூடாது. நைலான் வளையம் உள்ள நட் என்றால் பழையதை மறுபடி போடக் கூடாது.

மேகலை எழுதியது:

வேலை செய்யும் முன் எல்லோரும் கேட்க வேண்டிய கேள்வியை யாரும் கேட்கவில்லை. ஆட்டம் வெளி எண்டில்தான் என்று எப்படித் தெரிந்தது? 9, 3 இல் ஆட்டம் என்றால் வெளி எண்டாகவும் இருக்கலாம், உள்ளே ரேக் எண்டாகவும் (டை ராடின் உள்மூட்டு) இருக்கலாம், ரேக்கின் (ஸ்டியரிங்கைத் திருப்பும்போது இடவலமாக நகரும் பற்கம்பி) புஷ்ஷாகவும் (தாங்கு வளையம்) இருக்கலாம். வலப்பக்கம் புதிய எண்ட் போட்ட பிறகு அங்கே ஆட்டம் போய்விட்டதா?

ஒருவர் சக்கரத்தை மெல்ல இடவலமாக அசைக்கட்டும். நீங்கள் ரேக்கின் நெளிவு ரப்பர் உறையை வெளியிலிருந்தே அமுக்கி, உள்ளிருக்கும் உருண்டை மூட்டைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஆட்டம் இருந்தால் கையில் தட்டும், கண்ணுக்குத் தெரியாத ஆட்டமும் அங்கே விரலுக்குத் தெரிந்துவிடும். பள்ளத்தில் வரும் 'டொக்' மட்டும் சஸ்பென்ஷனில் உள்ள ஸ்டெபிலைசர் லிங்க்கிலிருந்தோ கீழ்க்கையின் புஷ்ஷிலிருந்தோ வரலாம் என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

அச்சாணி எழுதியது:

கரிக்கை அண்ணா, நட் மேல்பக்கம்தான் இருந்தது. ஜாக்கி வைத்ததும் முனகிக்கொண்டே கழன்று வந்துவிட்டது. துளை வழுவழுப்பாக இருக்கிறது, புதிய ஸ்டட் ஆடாமல் உட்காருகிறது.

மேகலை அவர்களே, வலப்பக்கம் ஆட்டம் முழுவதும் போய்விட்டது. இடப்பக்கம் நீங்கள் சொன்னபடி உறையைப் பிடித்துப் பார்த்தேன். கையில் தெளிவாகத் தட்டுகிறது. உறையின் மடிப்பு ஒன்றில் நகம் நுழையும் அளவுக்குக் கிழிசல். அமுக்கினால் துருத்தண்ணீர் கசிகிறது. ரேக் எண்டையும் வீட்டிலேயே மாற்றலாமா?

மேகலை எழுதியது:

மாற்றலாம், ஆனால் முதலில் உறையை விலக்கி ரேக் கம்பியைப் பாருங்கள். மேற்பரப்பு கண்ணாடிபோல் மின்ன வேண்டும். துரு குழிகுழியாக அரித்திருந்தால் ரேக் எண்டை மட்டும் மாற்றிப் பயனில்லை, ரேக்கையே மாற்ற வேண்டிவரும். மேலோட்டமான கறை என்றால் துடைத்துவிட்டுத் தொடரலாம்.

ரேக் எண்டைக் கழற்றும் முறுக்கை பினியன் (ரேக்கை நகர்த்தும் சிறு பற்சக்கரம்) பற்கள் தாங்கும்படி விடாதீர்கள். ரேக்கின் முனையில் தட்டையான பக்கங்கள் இருந்தால் அங்கே ஒரு ஸ்பேனர் போட்டுப் பிடியுங்கள். மின்னும் பகுதியில் பைப் ரெஞ்ச் பல் பதிந்தால் ரேக் வீண். மடக்கிய வாஷர் இருந்தால் மடிப்பை நிமிர்த்திவிட்டுக் கழற்றுங்கள், போடும்போது புது வாஷர். முடுக்கும் அளவும் மரையில் பசை தேவையா என்பதும் வண்டிக்கு வண்டி மாறும், சேவைக் கையேட்டைப் பாருங்கள்.

புதிய உறையின் சிறிய வாய் டை ராடைக் கவ்வும் இடத்தில் துளி கிரீஸ் வையுங்கள். அலைன்மென்ட் செய்பவர் ராடைத் திருப்பும்போது உறையும் சேர்ந்து முறுக்கிக் கிழிவது அங்கேதான்.

கரிக்கை எழுதியது:

சுற்று எண்ணும் கேள்விக்கு வருகிறேன். கணக்குப் போட்டுப் பார்த்தால் புரியும். மரையின் பிட்ச் (அடுத்தடுத்த இரு மரைகளின் இடைவெளி) 1.5 மி.மீ., நக்கிள் கையின் நீளம் சுமார் 130 மி.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு முழுச் சுற்றுக்குச் சக்கரம் ஏறக்குறைய 0.66 பாகை திரும்பும். 600 மி.மீ. விட்டமுள்ள டயரில் முன்விளிம்புக்கும் பின்விளிம்புக்கும் இடையே அது 7 மி.மீ. வேறுபாடு. சிறிய கார்களுக்குக் கொடுக்கும் டோ (சக்கரங்களின் முன்விளிம்பு, பின்விளிம்பு இடைவெளிகளின் வேறுபாடு) அளவோ பெரும்பாலும் ஒன்றிரண்டு மில்லிமீட்டர்தான். கால் சுற்றுப் பிசகினாலே அளவு தாண்டிவிடும்.

அதோடு புதிய எண்டின் மரைத் தொடக்கம் பழையதைப் போலவே வெட்டப்பட்டிருக்கும் என்று சொல்ல முடியாது. இடப்பக்கம் இப்போது ரேக் எண்டும் மாறுகிறது, எண்ணிக்கைக்கு அர்த்தமே இல்லை. பழைய இரண்டையும் கோத்தபடியே தரையில் கிடத்தி, உருண்டையின் நடுவிலிருந்து ரேக் எண்டின் மறுநுனி வரை அளந்து, புதியதையும் அதே நீளத்துக்கு வையுங்கள். அலைன்மென்ட் இடம் வரை ஓட்டிப்போக அது போதும். டை ராட் எண்டைப் பூட்டும் லாக் நட்டை முடுக்காமல் வண்டியை நகர்த்த வேண்டாம்.

அச்சாணி எழுதியது:

ரேக் கம்பி சுத்தமாக இருந்தது. ரேக் எண்ட், உறை, வெளி எண்ட் எல்லாம் போட்டாகிவிட்டது. ஆட்டமும் சத்தமும் இல்லை. ஒரே குறை: நேராகப் போகும்போது ஸ்டியரிங் வலப்பக்கம் சாய்ந்து நிற்கிறது. நாளை அலைன்மென்ட். அதற்குமுன் ஸ்டியரிங் சக்கரத்தைக் கழற்றி நேராக வைத்துவிடலாமா?

பழைய பட்டறை எழுதியது:

வேண்டாம் தம்பி, அதில் ஏர்பேக் இருக்கிறது. ஸ்டியரிங்கை நடுவில் பூட்டி வைத்துக்கொண்டு இரண்டு டை ராடுகளையும் தனித்தனியே சரிசெய்யும்படி சொல்லுங்கள்; சாய்வு தானே போய்விடும். ஒரு பக்கத்தை மட்டும் திருப்பி மொத்த டோவைச் சரிக்கட்டினால் சாய்வு போகாமல் நிற்கலாம். முடிந்ததும் ஸ்டியரிங் கோண சென்சாரை மறுபடி பூஜ்யமாக்க வேண்டுமா என்றும் கேட்டுவிடுங்கள். பல வண்டிகளுக்கு அது தேவைப்படும், செய்யாவிட்டால் எச்சரிக்கை விளக்கு எரியும்.