ஸ்டென்ட் வைத்த அப்பாவுக்கு ஃபேட்டி லிவர், கொழுப்பு மாத்திரையை நிறுத்தலாமா?

திருமங்கலத்தான்

அப்பாவுக்கு 61 வயது. சர்க்கரை 14 வருடமாக உண்டு, குடிப்பழக்கம் கிடையாது. ஏழு வாரம் முன்பு நெஞ்சுவலி வந்து ஆஞ்சியோ பார்த்ததில் எல்ஏடியில் (இதயத்தின் முக்கிய ரத்தக்குழாய்) அடைப்பு, ஒரு ஸ்டென்ட் வைத்தார்கள். டிஸ்சார்ஜ் செய்தபோது எழுதிக் கொடுத்ததில் அட்டோர்வாஸ்டாட்டின் 40ம் ஒன்று, ஸ்டாட்டின் வகைக் கொழுப்பு மாத்திரை. அப்புறம் ஊரில் வழக்கமாகப் பார்க்கிற டாக்டர், ரத்த ரிப்போர்ட்டில் ஈரல் என்சைம்களான எஸ்ஜிபிடி 92, எஸ்ஜிஓடி 58 (பிளேட்லெட் 2,10,000) என்று இருந்ததைப் பார்த்துவிட்டு, "இது லிவரைக் காலி பண்ணிடும், நிறுத்துங்க" என்றிருக்கிறார். அப்பாவும் யாரிடமும் சொல்லாமல் நிறுத்திவிட்டார். நேற்று சாமி அலமாரியில் தீப்பெட்டி தேடியபோதுதான் பிரிக்காத அட்டை இரண்டும் பாதியில் நின்ற ஒன்றும் கையில் அகப்பட்டன. மூன்று வாரமாகப் போடவில்லையாம், அதற்குப் பதில் தினமும் காலையில் கீழாநெல்லியை அரைத்து மோரில் கலந்து குடிக்கிறார். ஈரலின் இறுக்கத்தை அளக்கும் ஃபைப்ரோஸ்கேனில் 9 என்று இருக்கிறது. யார் சொல்வதைக் கேட்பது? இரண்டு நோயும் சேர்ந்து இருப்பவர்களை வைத்து யாராவது ஆராய்ச்சி செய்திருக்கிறார்களா?

வெயிலோன்

முதலில் ஒன்றைப் பாருங்கள். நிறுத்தியது அந்த ஒன்றை மட்டும்தானா, ஆஸ்பிரினையும் க்ளோபிடோக்ரெலையும் சேர்த்தா? ஸ்டென்ட் வைத்து இரண்டு மாதம்கூட ஆகாத நிலையில் அவற்றை விட்டால் ஸ்டென்டுக்குள்ளேயே ரத்தம் உறைந்துவிடலாம். இன்றே அட்டைகளை எண்ணிப் பாருங்கள், ஸ்டென்ட் வைத்த டாக்டரிடம் இன்றே பேசுங்கள்.

எண்ணும் எழுத்தும்

நான் டாக்டர் இல்லை, மருந்து ஆய்வுகளில் தரவு சரிபார்ப்பது என் வேலை. உங்கள் அப்பாவைப் போன்றவர்களை வைத்தே ஒரு ஆய்வு உண்டு. கிரீஸ் நாட்டில் நடந்த கிரேஸ் ஆய்வின் மறு அலசல், 2010இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. எல்லோரும் இதய ரத்தக்குழாய் நோய் உள்ளவர்கள், அதில் ஈரல் என்சைம்கள் மிதமாக, அதாவது உச்ச அளவைப்போல் மூன்று மடங்குக்குள், ஏறியிருந்தவர்கள் 437 பேர், பெரும்பாலும் கொழுப்பு ஈரலால்தான் என்று கருதப்பட்டவர்கள். ஸ்டாட்டின் போட்ட 227 பேரில் மாரடைப்பு, பக்கவாதம் மாதிரி ஏதாவது வந்தது 10 சதவீதம் பேருக்கு, போடாத 210 பேரில் 30 சதவீதம் பேருக்கு. இதைவிட எனக்குப் பிடித்தது இன்னொன்று: மாத்திரை போட்டவர்களுக்கு என்சைம்கள் இறங்கின, போடாதவர்களுக்கு இன்னும் ஏறின. ஸ்டாட்டின் எடுத்த 880 பேரில் ஈரல் காரணமாக நிறுத்தியவர்கள் 7 பேர்.

குறையும் உண்டு. இந்தக் கேள்விக்காகவே திட்டமிட்ட ஆய்வு இல்லை, பிறகு பிரித்து எடுத்துப் பார்த்தது. அதனால் 10க்கு 30 என்பதை அப்படியே தலையில் ஏற்றிக்கொள்ள மாட்டேன். ஆனாலும் திசை தெளிவு. 2012இலேயே அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ, ஸ்டாட்டின் போடுகிறவர்களுக்கு அடிக்கடி ஈரல் டெஸ்ட் எடுக்க வேண்டியதில்லை என்று லேபிளை மாற்றிவிட்டது.

உங்கள் எண்களை, ஈரலில் தழும்பு எவ்வளவு இருக்கலாம் என்று ஊகிக்கும் ஃபிப்-4 கணக்கில் போட்டேன், 1.76 வருகிறது. 1.3க்குக் கீழே என்றால் பயமில்லை, 2.67க்கு மேலே என்றால் ஈரலில் நல்ல தழும்பு. இவர் நடுவில் நிற்கிறார், ஃபைப்ரோஸ்கேனின் 9ம் கிட்டத்தட்ட அதையே சொல்கிறது. ஈரல் டாக்டரைப் பார்க்க வேண்டிய நிலைதான், ஆனால் ஃபேட்டி லிவர் உள்ளவர்களை அதிகம் கொண்டுபோவது ஈரல் இல்லை, இதயம்.

கரிசல் மண்

பொதுவாக இப்படிச் சொல்லிவிட்டுப் போகாதீர்கள். என் அம்மாவுக்கு சிரோசிஸ் (ஈரல் முழுக்கத் தழும்பேறிய நிலை), வயிற்றில் நீர் கோத்திருக்கிறது. அவருக்கு ஸ்டாட்டினை நிறுத்தியதே ஈரல் டாக்டர்தான். எல்டிஎல் (கெட்ட கொழுப்பு) 58தான் இருக்கிறது, எதற்கு மாத்திரை?

எண்ணும் எழுத்தும்

உங்கள் அம்மாவின் கதை வேறு, அங்கே நிறுத்தியது சரியாகவே இருக்கும். ஐரோப்பாவில் இப்படி முற்றிய நோயாளிகளுக்கு சிம்வாஸ்டாட்டின் என்கிற ஸ்டாட்டினை 40 மில்லிகிராம் கொடுத்துப் பார்த்த சிறு ஆய்வில் 16 பேரில் 3 பேருக்குத் தசை சிதைந்தது. பிறகு 20 ஆகக் குறைத்து 237 பேருக்கு நடத்திய பெரிய ஆய்வு 2025இல் வந்தது, பலன் ஒன்றும் தெரியவில்லை. 2016இல் ஸ்பெயினில் உணவுக்குழாய் நாளம் வெடித்து ரத்தம் கக்கிய 158 பேரை வைத்து அதே மருந்தைச் சோதித்ததில் மட்டும் இறப்பு 22 சதவீதத்திலிருந்து 9 ஆகக் குறைந்தது, ஆனால் ரத்தக்கசிவு திரும்ப வருவது குறையவில்லை. அங்கேயும் ஈரல் மிகவும் கெட்டிருந்த இரண்டு பேருக்குத் தசை சிதைவு. ஆக, ஈரல் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பதை வைத்துத்தான் பதில் மாறும்.

ஆனால் அந்த 58ஐப் பார்த்து சந்தோஷப்படாதீர்கள். கொலஸ்ட்ராலைத் தயாரிப்பதே ஈரல்தான், அது நொடித்துப்போனால் எண் தானாக இறங்கும். குழாய் சுத்தமாகிவிட்டது என்று அர்த்தமில்லை. சிரோசிஸ் வந்தால் மாரடைப்பு வராது என்று பழைய பிரேதப் பரிசோதனைக் கணக்குகளை வைத்து ரொம்ப நாள் நம்பினார்கள். இப்போது ஈரல் மாற்றுக்கு வருகிறவர்களில் சர்க்கரையும் பருமனும் கூடிவிட்டதால், ஆபரேஷனுக்கு முன்பு இதயக் குழாய்களைத் துருவிப் பார்க்கிறார்கள்.

கரிசல் மண்

ஐஎன்ஆர் (ரத்தம் உறைய எடுக்கும் நேரத்தைக் காட்டும் டெஸ்ட்) அதிகமாக இருப்பதால் ரத்தம் உறையாது என்று நானும் நிம்மதியாக இருந்தேன். அதுவும் பொய்யா?

எண்ணும் எழுத்தும்

ஆமாம். உறைய வைக்கிற புரதம், உறையாமல் தடுக்கிற புரதம் இரண்டையும் ஈரல்தான் செய்கிறது, இரண்டும் சேர்ந்து குறைகின்றன. ஐஎன்ஆர் ஒரு பக்கத்தை மட்டும் காட்டும்.

திருமங்கலத்தான்

எண்ணிப் பார்த்தேன், ஆஸ்பிரினும் க்ளோபிடோக்ரெலும் சரியாகப் போட்டிருக்கிறார், அந்த மட்டும் தப்பித்தோம். இதய டாக்டரிடம் போனில் பேசினேன், இரவிலிருந்தே அட்டோர்வாஸ்டாட்டினைத் தொடரச் சொன்னார், ஆறு வாரத்தில் எஸ்ஜிபிடி மறுபடி எடுக்கவும் ஈரல் டாக்டருக்கும் சீட்டு எழுதித் தருகிறாராம். கீழாநெல்லியைச் சொன்னதும், இத்தனை மாத்திரையோடு அது வேண்டாம், எது எதைச் செய்கிறது என்றே தெரியாமல் போகும் என்றார். அப்பாவுக்கு முகமே விழுந்துவிட்டது. வெறும் மோராவது குடிக்கலாமா என்று உங்களிடம் கேட்கச் சொல்கிறார்.

வெயிலோன்

உப்பைக் குறைத்துக் குடிக்கச் சொல்லுங்கள்.