கோவை மைதானத்தில் 60 நிமிடத்துக்கு மேல் கால் இழுக்கும் ஊட்டி கால்பந்து அணி: பத்து வாரத்தில் என்ன செய்யலாம்?

ஸ்டோன்ஹவுஸ் 11:
ஊட்டி கல்லூரி அணி, 18 பேர். ஜூன் நடுவில் பயிற்சி தொடங்குது, ஆகஸ்ட் கடைசியில் கோவையில் கல்லூரிகளுக்கு இடையிலான போட்டி. 2,240 மீட்டர் உயரத்தில் ஓடிப் பழகினவங்களுக்கு மூச்சு பலம் அதிகம்னு எல்லாரும் சொல்றாங்க. ஆனா கீழ இறங்கினா இரண்டாம் பாதியில் ஒருத்தராலயும் ஓட முடியல. லாங் பாஸும் குறைவா விழுது. பயிற்சியை எப்படி மாத்தணும்?

கேத்தி டிஃபென்ஸ்:
மூச்சு பலம் இருக்கு, ஆனா வெயில் அதைச் சாப்பிட்டுடும். 15 டிகிரியில் பழகின உடம்பு 32 டிகிரியில் ரத்தத்தைத் தோலுக்கு அனுப்பிக் குளிர்விக்கணும். அப்போ காலுக்குப் போற பங்கு குறையும், இதயத்துடிப்பு ஏறும். உடம்பு வெயிலுக்கு முழுசாப் பழக 10 முதல் 14 நாள் ஆகும்.

இன்னொண்ணு வேகம். மேல ஆக்சிஜன் குறைவுன்னால பையன்கள் தெரியாமலே மெதுவாத்தான் ஓடுவாங்க. பத்து வாரமும் மைதானத்தைச் சுத்தி ஓடினா மூச்சு வரும், வேகம் வராது. வாரம் இரண்டு நாள் 20–30 மீட்டர் ஸ்பிரிண்ட், எட்டு முதல் பத்து தடவை, நடுவில் ஒரு நிமிஷத்துக்குக் குறையாம ஓய்வு. ஓய்வைக் குறைச்சா ஸ்பிரிண்ட் ஜாகிங் ஆயிடும்.

ஏத்தத்தில் ஓடுங்க, இறக்கத்தில் நடங்க. தார் ரோட்டில் இறக்கத்தில் ஓட விட்டா மூணாவது வாரமே முழங்காலுக்குக் கீழ எலும்பு வலின்னு பாதிப் பேர் உட்கார்ந்துடுவாங்க. சமவெளியிலிருந்து வந்து ஹாஸ்டலில் சேர்ந்த பையன்களுக்கு முதல் இரண்டு வாரம் பாதி வேலை போதும்.

குன்னூர் கீப்பர்:
பாஸ் குறைவா விழுறதுக்குக் காரணம் காற்று. ஊட்டியில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிட சுமார் 20 சதவீதம் குறைவு. பந்து தூரம் போகும், வளைவு குறையும். கோவை 411 மீட்டர்தான். அங்க அதே உதை முன்னாடியே விழும், கார்னர் கிக் கூடுதலா வளையும். கோல் கிக், கார்னர், ஃப்ரீ கிக் எடுக்கிறவங்க மேட்ச்சுக்கு முந்தின நாளே அங்க உதைச்சுப் பார்க்கணும்.

பெரும்பாலானவங்க கவனிக்காதது பந்தோட காற்றழுத்தம். விதிப்படி 8.5 முதல் 15.6 பிஎஸ்ஐ. ஊட்டியில் 9 வெச்சு ஏத்திட்டு வந்தா, கோவையில் வெளிக்காற்றின் அழுத்தம் அதிகம்கிறதால கேஜ் (அழுத்தம் பார்க்கிற கருவி) ஏழு, ஏழரைதான் காட்டும். வெயிலில் உள்காற்று விரிஞ்ச பிறகும் அவ்வளவுதான். அந்தத் தொளதொள பந்தில் வார்ம்அப் பண்ணிட்டு, நடுவர் தர்ற கெட்டிப் பந்தில் ஆடினா முதல் பத்து நிமிஷம் ஒரு டச்சும் நிக்காது. பம்பும் கேஜும் பையில் இருக்கட்டும், இறங்கின பிறகு ஏத்துங்க. ஊசியை ஈரமாக்கிச் செருகலைன்னா வால்வு கிழியும்.

மழைக்காலத்தில் நம்ம கிகுயூ புல்லில் பந்து எழும்பாது. கீழ காய்ஞ்ச மண், நெஞ்சு உயரத்துக்குத் துள்ளும். அதனால மேல பயிற்சியில் 11 பிஎஸ்ஐ வெச்சு ஆடுங்க. மலிவான தையல் பந்து தண்ணி குடிச்சு 450 கிராமைத் தாண்டும். அதில் ஹெடிங் பயிற்சி வேண்டாம்.

ஸ்டோன்ஹவுஸ் 11:
ரெண்டு பேருக்கும் நன்றி. பத்து நாள் முன்னாடி இறங்கப் பணம் இல்லண்ணா. மூணு நாள்தான் கிடைக்கும். ஒவ்வொரு ஞாயிறும் மேட்டுப்பாளையம் போய் ஆடிட்டு வரலாமா?

கேத்தி டிஃபென்ஸ்:
ஞாயிறு மேட்ச் தரைக்கும் பந்துக்கும் உதவும், வெயிலுக்கு இல்ல தம்பி. ஆறு நாள் குளிரில் இருந்தா பழகினது கரைஞ்சுடும். அந்தப் பஸ் காசைச் சேர்த்து வெச்சு கடைசியில் ஒரு நாள் கூட்டுங்க.

மூணு நாள்னா: முதல் நாள் மதியத்துக்குள்ள இறங்கி, நாலு மணிக்கு 40 நிமிஷம் லேசா. ரெண்டாம் நாள் மேட்ச் நேரத்திலேயே 60 நிமிஷம். மூணாம் நாள் 30 நிமிஷம், செட் பீஸ் (கார்னர், ஃப்ரீ கிக் மாதிரி நின்ன பந்தை உதைக்கிறது) மட்டும். இறங்குறதுக்கு முந்தின பத்து நாள் மேலயே முழுக்கை ஜெர்சி, ட்ராக் பேன்ட்டோட 30–40 நிமிஷம் ஆட விடுங்க. பிளாஸ்டிக் கோட் மட்டும் கூடவே கூடாது, மயக்கம் வரும்.

குன்னூர் கீப்பர்:
பயிற்சிக்கு முன்னும் பின்னும் எடை பாருங்க. 60 கிலோ பையன் 1.2 கிலோவுக்கு மேல குறைஞ்சா தண்ணி போதலைன்னு அர்த்தம். குறைஞ்ச ஒவ்வொரு கிலோவுக்கும் ஒன்றரை லிட்டர், கொஞ்சம் கொஞ்சமா. ஓஆர்எஸ் இல்லைன்னா ஒரு லிட்டருக்கு மட்டமா ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. உப்பைக் கண்ணளவில் போடாதீங்க.

ஷூ: ஒரே ஜோடிக்குத்தான் காசுன்னா மோல்டட் ரப்பர் ஸ்டட் (அடிப்பாகத்தோட சேர்த்து வார்த்த ரப்பர் குமிழ்) வாங்குங்க. அலுமினிய ஸ்டட் ஊட்டிச் சேத்தில் நல்லாப் பிடிக்கும், கோவைக் கட்டாந்தரையில் பாதம் கொப்புளிச்சுடும். நனைஞ்ச ஷூவை அடுப்புப் பக்கம் வைக்காதீங்க, பசை விட்டு அடிப்பாகம் வாயைப் பிளக்கும். உள்ள செய்தித்தாள் திணிச்சு, ரெண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மாத்துங்க.

மேட்ச் அன்னைக்குக் காலையில் மலையிலிருந்து கிளம்புற வேலையே வேண்டாம். பர்லியாறு வளைவில் நாலு பேர் வாந்தி எடுத்தா அவங்க குடிச்ச தண்ணியெல்லாம் வீண். பஸ் ஏறுறதுக்கு ரெண்டு மணி நேரம் முன்னாடி இட்லி, முன் சீட்டில் வாந்தி எடுக்கிற ஆளு. குன்னூர் ரோட்டில் மண் சரிஞ்சிருந்தா கோத்தகிரி வழியாப் போகணும். டிரைவர்கிட்ட முந்தின ராத்திரியே கேட்டு வெச்சுக்குங்க.