மறு: நிலச் சந்தையும் உற்பத்தித்திறனும் – நமக்கு வேண்டியது வேறொரு சொல்

கலைச்சொல் குழுவினருக்கு வணக்கம்.

ஒத்தி திருப்பும் வேலையாக இரண்டு நாள் பத்திர ஆபீஸ் வாசலிலேயே கழிந்தது. தம்பி தன் கட்டுரைத் தலைப்பைப் பற்றிக் கேட்டுத் தொடங்கிய இழையை நேற்றுதான் முழுக்க வாசித்தேன்.

> "சுற்றுச்சூழல்சார் நீடித்த நிலையான பொருளாதார உற்பத்தித்திறன் மீதான நிலச் சந்தைகளின் தாக்கம்" என்று தலைப்பு வைத்திருக்கிறேன். சரியா?

தப்பு ஒன்றும் இல்லை தம்பி. ஆனால் நெல்லை எக்ஸ்பிரஸ் நீளம் இருக்கிறது. எஞ்சின் வாஞ்சி மணியாச்சியில் நிற்கும்போது கார்டு பெட்டி இன்னும் ஜங்ஷனை விட்டுக் கிளம்பவில்லை. 'வளங்குன்றா வளர்ச்சி' நன்றாகப் புழங்கிவிட்ட சொல். அதையொட்டி 'வளங்குன்றா உற்பத்தித்திறன்' என்றால் போதும். சுற்றுச்சூழல் அந்த 'வளம்' என்பதற்குள்ளேயே இருக்கிறது. உற்பத்தித்திறனுக்கு 'விளைதிறன்' வேண்டாம் என்று யாழ்ப்பாணத்து அக்கா சொன்னது நியாயம். அங்கே அது இஃபெக்டிவ்னெஸ் என்பதற்கு ஏற்கெனவே நிலைத்துவிட்டது. கடல் கடந்தால் பொருள் மாறுகிற சொல் நமக்கு எதற்கு? தலைப்பு முடிந்தது.

எனக்கு உறுத்துவது தலைப்பு இல்லை. கட்டுரையின் நடுவே விலை ஏறும் என்ற ஊகத்தில் சும்மா போடப்பட்ட நிலம் பற்றி ஒரு பகுதி வருகிறதே, அதை வெறும் 'தரிசு நிலம்' என்று எழுதியிருக்கிறீர்கள். பொருள் அங்கேதான் கைநழுவுகிறது.

கிராம நிர்வாக அலுவலர் அடங்கல் என்கிற பயிர்க் கணக்கை எழுதும்போது பயிர் இல்லாத சர்வே எண்ணுக்கு நேரே 'தரிசு' என்று போடுவார். புள்ளிவிவரத்துக்குப் போகும்போது அது வயதை வைத்துப் பிரிகிறது. இந்த ஓராண்டு மட்டும் பயிர் இல்லையென்றால் நடப்புத் தரிசு, அதற்கு மேல் ஐந்தாண்டு வரை பிற தரிசு, அதையும் தாண்டினால் சாகுபடிக்குத் தகுந்த தரிசு. எத்தனை வருஷமாகக் கிடக்கிறது என்பது தெரிகிறது. ஏன் கிடக்கிறது? அதற்குக் கட்டமே கிடையாது. மழை பொய்த்துக் கிடப்பதும், ஆள் கிடைக்காமல் கிடப்பதும், விலை ஏறட்டும் என்று கிடப்பதும் காகிதத்தில் ஒன்றுதான். சந்தை செய்த வேலை முழுவதும் வானத்தின் கணக்கில் எழுதப்படுகிறது.

பாளையங்கால் வாய்க்கால் பாசனத்தில் என் சித்தப்பாவுக்குக் கொஞ்சம் வயல் உண்டு. அதற்கு மேலே இருந்த வயல் கிரயமாகி ஆறேழு வருஷம் இருக்கும். வாங்கியவர் வெளியூர்க்காரர். வரப்பை எல்லாம் நிரவி, மஞ்சள் பெயின்ட் அடித்த கல் ஊன்றி, ரோட்டோரம் ஒரு வளைவும் கட்டினார். மனை ஒன்றுகூட வீடாகவில்லை. இப்போது அந்தக் கற்களில் மாடு கட்டுகிறார்கள், நடுவே சீமை உடை மரம் ஆள் உயரத்துக்கு நிற்கிறது. யாரைக் கேட்டாலும் "சும்மால்லா போட்டு வச்சிருக்கான்" என்பதுதான் பதில். மக்கள் வாயில் சொல் தயாராக இருக்கிறது பாருங்கள்: போட்டு வைப்பது. காசைப் பெட்டியில் போட்டு வைப்பது மாதிரி.

ஏன் போட்டு வைக்கிறார்கள் என்பதற்கு எளிய கணக்கு ஒன்று போதும். ஓர் ஏக்கர் நன்செய்க்கு வருஷக் குத்தகை 20,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். வட்டி 8 சதவீதம் என்றால், நெல்லை மட்டும் நம்பி அந்த நிலத்துக்குக் கொடுக்கத்தக்க விலை 2,50,000. தரகர் சொல்வதோ சென்ட் 50,000. அதாவது ஏக்கர் 50 லட்சம், இருபது மடங்கு. மீதி 47,50,000 ரூபாய்க்கும் நெல்லுக்கும் சம்பந்தமில்லை. அது பைபாஸ் வரும், காலேஜ் வரும் என்ற நம்பிக்கையின் விலை. 50 லட்சம் போட்டவருக்கு 20,000 குத்தகை ஒரு பொருட்டா? போதாததற்கு 1955ஆம் ஆண்டின் சாகுபடிக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. உழுகிறவனை உள்ளே விட்டால் நாளைக்கு விற்கும்போது வில்லங்கமாகிவிடும் என்ற பயத்தில் ஒரு போகத்துக்குக்கூட விடமாட்டார்கள். நிலவரியான தீர்வையோ பெயருக்குத்தான். ஆக, போட்டு வைப்பதற்குச் செலவில்லை, பயிர் வைப்பதில்தான் ஆபத்து! (1879இலேயே அமெரிக்கப் பொருளியலாளர் ஹென்றி ஜார்ஜ் நிலத்தின் மதிப்புக்கு மட்டும் வரி போடச் சொன்னது இந்த முடிச்சை அவிழ்க்கத்தான். அது தனி இழை.)

அதனால் என் முன்மொழிவு, முன்பே ஒரு வரியில் சொன்னதுதான்: விலைத்தரிசு.

வந்திருக்கும் மறுப்புகளுக்கு வருகிறேன்.

> 'விலைநிலம், விளைநிலம்' மாதிரி இதுவும் பத்திரிகைச் சிலேடை ஆகிவிடாதா? பேச்சில் ல, ள வேறுபாடு தெரியாதே?

அந்தச் சிலேடை எனக்கும் அலுத்துவிட்டது அண்ணாச்சி. கிராமசபை மைக்கில் இரண்டும் ஒரே ஒலிதான். ஆனால் இங்கே அந்தச் சிக்கல் வராது. விளையவும் செய்து தரிசாகவும் ஒரு நிலம் எப்படிக் கிடக்கும்? காது தானாகவே திருத்திக்கொள்ளும். நம் பொருளியல் பாடநூல்களில் ரிக்கார்டோவின் ரென்ட் 'வாரம்' ஆனபோது, ஏழு நாளோடு குழம்பும் என்று பயந்து யாரும் அதை விடவில்லை. விளைச்சலில் பங்கு என்ற பொருளில் வயலில் கிடந்த சொல்லை எடுத்தார்கள், அது நின்றுவிட்டது.

> 'விலைக்கரம்பு' இன்னும் தமிழாக இருக்கிறதே?

இருக்கிறது, கரம்பும் தரிசு நிலம்தான். ஆனால் திருநெல்வேலிப் பக்கம் அதன் உறவுச் சொல்லான கரம்பை என்றால் குளத்து வண்டல். கோடையில் அள்ளி வயலில் அடிப்பது. கூந்தன்குளத்தில் பறவைகளின் எச்சம் ஊறிய கரம்பையை ஊரார் உரமாகப் போடுவார்கள். அங்கே குளம், பறவை, வயல் மூன்றும் ஒரே கணக்கு. கிரயப் பத்திரத்தில் அந்தக் கணக்குக்கு ஒரு வரிகூட இருக்காது, வழிகாட்டி மதிப்பிலும் இருக்காது. வளங்குன்றா உற்பத்தித்திறன் என்று நாம் பக்கம் பக்கமாக எழுதுவதற்கு அந்த ஊரே உதாரணம். அப்படிப்பட்ட சொல்லின் உறவைக் கொண்டுபோய்ப் பாழ்நிலத்துக்கு வைக்க எனக்கு மனசு வரவில்லை. இது தர்க்கமில்லை என்று தெரியும்.

> விலைத்தரிசு என்ன தொகை? விலைக்காகக் கிடக்கும் தரிசா, விலையால் வந்த தரிசா?

இந்தக் கேள்விதான் என்னை ஒரு ராத்திரி தூங்கவிடவில்லை. நான் நினைத்தது 'விலைக்காக'. நான்காம் வேற்றுமை உருபும் பயனும் உடன்தொக்க தொகை. ஆனால் சித்தப்பாவின் வயலை எங்கே வைப்பது? மேல் வயலை நிரவியபோது அவருக்குத் தண்ணீர் வந்த சின்ன மடையும் மண்ணுக்குள் போய்விட்டது. வயலுக்கு வயல் பாய்கிற இடத்தில் நடுவில் ஒன்று மனையானால் கீழே இருப்பது தானாகக் காயும். இரண்டு பிசான நெல் போகம் போயிற்று. அவர் விற்க நினைக்கவில்லை, தரகர்தான் இப்போது அவரைத் தேடி வருகிறார். வாய்க்கால் வெட்டக் கூடுகிற ஆளும் குறைந்துவிட்டது, ஏனென்றால் மனைக்காரருக்குத் தண்ணீர் வேண்டாம். அவர் வயலும் அடங்கலில் தரிசுதான். விலைக்காக அன்று, விலையால், அதுவும் பக்கத்து வயலின் விலையால்.

ஒரே தொகைக்குள் இரண்டையும் அடக்கிவிடலாம், இலக்கணம் இடம் கொடுக்கிறது. கவிதைக்கு அது அழகு, கலைச்சொல்லுக்கு ஆகாது. போட்டு வைத்தவரையும் பாதிக்கப்பட்டவரையும் ஒரே பெயரால் அழைத்தால், அடங்கல் செய்கிற அதே காரியத்தை நாமும் செய்கிறோம். நாளைக்கு யாராவது விலைத்தரிசுக்கு வரி போடலாம் என்று எழுதினால் சித்தப்பாவும் அல்லவா கட்ட வேண்டிவரும்?

எனவே பட்டியலில் இப்படிச் சேர்த்திருக்கிறேன்:

விலைத்தரிசு: பயிரிட வசதியிருந்தும், விலையேற்றத்தை எதிர்பார்த்து உரிமையாளர் பயிரிடாமல் போட்டு வைத்திருக்கும் நிலம்.

மடைத்தரிசு: அடுத்த நிலம் மாற்றப்பட்டதால் தண்ணீர் வழி அடைபட்டுப் பயிரில்லாமல் போன நிலம்.

இரண்டாவதன் பக்கத்தில் கேள்விக்குறி போட்டிருக்கிறேன். எங்கள் பக்கம் குளத்துக்கும் வயலுக்கும் மடைதான் சொல். காவிரிப் பக்கத்தில் மதகு என்கிறீர்கள். தஞ்சாவூர் ஐயா, மேல் வயல்காரர் வழியை அடைத்து உங்கள் வயல் காய்ந்தால் அங்கே அதற்கு என்ன சொல்வார்கள்?