லிதுவேனியாவின் தலைசிறந்த கூடைப்பந்து வீரர்: என் ஓட்டு சபோனிஸுக்கு இல்லை

நடுக்கோடு:
மக்கள்தொகை 30 லட்சத்தைக்கூடத் தொடாத நாடு லிதுவேனியா. அங்கே கூடைப்பந்தில் தலைசிறந்தவர் யார் என்று கேட்டால், எல்லோரும் யோசிக்காமல் அர்விதாஸ் சபோனிஸ் என்கிறார்கள். நான் ஷருனாஸ் மார்சுலியோனிஸ் என்கிறேன்.

1990இல் விடுதலையை அறிவித்த நாட்டிடம், 1992 பார்சிலோனா ஒலிம்பிக்குக்கு அணி அனுப்பக் காசு இல்லை. கலிபோர்னியாவில் கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ் அணிக்கு ஆடிக்கொண்டிருந்த மார்சுலியோனிஸ்தான் நன்கொடை திரட்டக் கிளம்பினார். கிரேட்ஃபுல் டெட் என்ற ராக் இசைக்குழு பணமும் கொடுத்தது, முடிச்சுப் போட்டுச் சாயம் ஏற்றிய சட்டைகளும் கொடுத்தது. மஞ்சள், பச்சை, சிவப்பு என்று கொடியின் நிறங்கள். நடுவில் பந்தைக் கூடைக்குள் திணிக்கும் ஓர் எலும்புக்கூடு. வெண்கலம் வாங்க மேடையேறியபோது வீரர்கள் அதைத்தான் போட்டிருந்தார்கள். அந்த வெண்கலத்துக்காக வீழ்த்தியது யாரை? நேற்றுவரை தங்களை ஆண்ட சோவியத்தின் மிச்ச அணியை, 82-78 என்று. அணியே இல்லாத இடத்தில் அணியை உண்டாக்கியவர் பெரியவரா, இல்லையா?

பலகைப்பந்து:
நண்பரே, நன்கொடை திரட்டியதற்குச் சிலை வைக்கலாம், மறுக்கவில்லை. கேள்வி ஆட்டத்தைப் பற்றியது.

சபோனிஸின் உயரம் 2.21 மீட்டர். அந்த உயரத்துக்காரர்களைக் கூடைக்கு அடியில் நிறுத்துவதுதான் வழக்கம். (என் உயரத்துக்கே பள்ளியில் என்னை அங்கேதான் நட்டுவைத்தார்கள்; மூன்று வருடம் முதுகில் முழங்கை வாங்கியதுதான் மிச்சம்.) சபோனிஸோ கூடையை விட்டு விலகி நின்று, பந்தை ஒற்றைக் கையில் தலைக்கு மேல் பிடித்துக்கொள்வார். ஒரு பக்கம் பார்த்தபடி மறுபக்கம் ஓடிவருபவரின் கைக்குள் பந்தைப் போட்டுவிடுவார். யாரும் எதிர்பாராத நேரத்தில் மூன்று புள்ளிக் கோட்டிலிருந்தும் எறிவார்.

1985, 86, 87 என்று தொடர்ந்து மூன்று வருடம் அவர் ஆடிய கௌனாஸ் நகரின் ஜால்கிரிஸ் அணி, சோவியத் ராணுவ அணியான சிஎஸ்கேஏவை முந்தி சோவியத் லீக் பட்டம் வென்றது. அந்நிய ஆட்சியில் இருந்த ஊரில் அதற்கு என்ன பொருள் என்று சொல்லத் தேவையில்லை. பிறகு சபோனிஸின் குதிகால் தசைநாண் அறுந்தது. அப்படியும் 1988 சியோல் ஒலிம்பிக்கில் சோவியத் அணிக்காக ஆடி, அமெரிக்காவை அரையிறுதியில் 82-76 என்று சாய்த்து, தங்கத்தோடுதான் திரும்பினார். அமெரிக்கத் தொழில்முறை லீகான என்பிஏவுக்குப் போனபோது வயது 30. அவருடைய எக்ஸ்ரேயைப் பார்த்த மருத்துவர், இதைக் காட்டியே மாற்றுத்திறனாளிகளுக்கான வாகன நிறுத்துமிடம் வாங்கிவிடலாம் என்று சொன்னதாக ஒரு கதை உண்டு. அந்தக் காலை வைத்துக்கொண்டு ஆட்டத்துக்குச் சராசரி 12 புள்ளி, 7.3 ரீபவுண்ட் (கூடையில் விழாமல் திரும்பும் பந்தைப் பிடிப்பது)!

மூன்றுபுள்ளி:
இரண்டு பெரியவர்களும் சேர்ந்து ஆடி லிதுவேனியாவுக்கு ஒரு தங்கம் கொண்டுவந்தார்களா? 1995 ஏதென்ஸில் ஐரோப்பிய இறுதிப்போட்டி வரை போனார்கள், யூகோஸ்லாவியாவிடம் தோற்றார்கள். லிதுவேனியாவின் முதல் தங்கம் 2003இல் ஸ்வீடனில் வந்தது. அந்தப் போட்டியின் சிறந்த வீரர் ஷருனாஸ் யாசிகேவிசியஸ். அடுத்த வருடம் ஒலிம்பிக்கில் அமெரிக்காவை 94-90 என்று தோற்கடித்தபோது 28 புள்ளி எடுத்தவரும் அவரே. ஐரோப்பிய கிளப் அணிகளின் முதன்மைப் போட்டியான யூரோலீக்கில் கோப்பை நான்கு, மூன்று வெவ்வேறு அணிகளோடு. என் ஓட்டு இவருக்கு.

பலகைப்பந்து:
அதே யாசிகேவிசியஸ்தானே 2000 சிட்னி அரையிறுதியில் கடைசி எறிதலைத் தவறவிட்டார்? 85-83, அமெரிக்கா தப்பித்தது.

மூன்றுபுள்ளி:
அந்த எறிதலை எறியும் தைரியம் யாருக்கு இருந்தது என்று பாருங்கள். போகட்டும், 2004 ஏப்ரலுக்கு வருவோம். டெல் அவிவில் அந்த ஊர் அணியான மக்காபிக்கும் ஜால்கிரிஸுக்கும் யூரோலீக் ஆட்டம். ஜால்கிரிஸ் மூன்று புள்ளி முன்னிலை, மிச்சம் இருந்தது ஓரிரண்டு விநாடி. மைதானத்தின் மறுமுனையிலிருந்து வந்த நீளமான பாஸைப் பிடித்து டெரிக் ஷார்ப் எறிந்தார், உள்ளே விழுந்தது. கூடுதல் நேரத்தில் மக்காபி வென்றது. தோற்ற பக்கம் சபோனிஸ், வென்ற பக்கம் யாசிகேவிசியஸ்.

பலகைப்பந்து:
ஷார்ப் எறிந்த பந்துக்கு யாசிகேவிசியஸுக்கு மாலையா? அதற்குள் ஐந்து ஃபவுல் ஆகி சபோனிஸ் வெளியே உட்கார்ந்திருந்தார். அவருக்கு அப்போது வயது 39. ஓட முடியாது, குதிக்க முடியாது. அந்தப் பருவத்தின் முதல் சுற்றிலும் அடுத்த சுற்றிலும் சிறந்த வீரர் விருது அவருக்குத்தான் கொடுத்தார்கள்.

பழைய கணக்கு:
ஒரு திருத்தம். 2003 முதல் தங்கம் அல்ல. 1937இல் ரீகாவிலும் 1939இல் கௌனாஸிலும் லிதுவேனியாதான் ஐரோப்பிய சாம்பியன். 1939 போட்டிக்காக கௌனாஸில் தனி அரங்கமே கட்டினார்கள். கூடைப்பந்துக்கென்றே ஐரோப்பாவில் எழுந்த முதல் அரங்கம் அது. அங்கே லாட்வியாவை 37-36 என்று கடைசி நொடியில் வீழ்த்திய எறிதல் ஃபிராங்க் லூபினுடையது. 1936 பெர்லினில் தங்கம் வென்ற அமெரிக்க அணியில் ஆடியவர். நாடே இந்த ஆட்டத்தைப் பிடித்துக்கொண்டது அப்போதுதான். அவரை யாருமே சொல்லவில்லையே.

பலகைப்பந்து:
ஐயா, லூபின் பிறந்தது லாஸ் ஏஞ்சலிஸில். பெற்றோர் லிதுவேனியர் என்பதற்காக அழைத்துவந்தார்கள். இரவல் வீரரை எல்லாம் இந்தப் பட்டியலில் சேர்க்க முடியாது.

நடுக்கோடு:
நான் தொடங்கிய இழையில் என் ஆளையே காணோம்! 1995 ஏதென்ஸ் என்று மூன்றுபுள்ளி போகிற போக்கில் சொன்னாரே, அந்த ஐரோப்பியப் போட்டியின் சிறந்த வீரர் விருது யாருக்குப் போனது? மார்சுலியோனிஸுக்கு. சபோனிஸும் அதே அணியில் இருந்தார். 1991-92இல் என்பிஏவில் சராசரி 18.9 புள்ளி, அதுவும் பெரும்பாலும் மாற்று ஆட்டக்காரராக இறங்கி. 1993இல் லிதுவேனியக் கூடைப்பந்து லீகைத் தொடங்கியதும் இவரே. நிதி திரட்டியவர் என்று சுருக்கிவிடாதீர்கள்.

பலகைப்பந்து:
1995 விருதை ஒப்புக்கொள்கிறேன். அதற்காக ஓட்டு மாறாது.

பழைய கணக்கு:
பலகைப்பந்து அவர்களே, லூபினை இரவல் என்றீர்களே. இன்றைய அணியின் தூண் டொமாண்டாஸ் சபோனிஸ், 1996இல் பிறந்தது அமெரிக்காவின் போர்ட்லேண்டில். அவரும் இரவலா?

பலகைப்பந்து:
நாம் அப்பாவைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தோம் ஐயா. பையனை எதற்கு இழுக்கிறீர்கள்?