நூலகத்தில் கேட்கத் தயக்கம்: எனக்கு மட்டும்தானா?

கேள்வி:
சமூகவியல் முதுகலை, முதல் ஆண்டு. இளங்கலையை வகுப்புக் குறிப்பும் பிடிஎஃப்பும் வைத்தே முடித்துவிட்டேன். இப்போது ஆய்வேட்டுக்காக நூலகம் போயே ஆக வேண்டும். போன வாரம் புள்ளியியல் புத்தகம் ஒன்று தேடினேன். அது அலமாரியில் இருக்கும் இடத்துக்குக் கணினி காட்டிய எண் 519.54. அலமாரியில் 519.536 கண்ணில் பட்டது. 536-ஐ விட 54 சின்னது, அதற்கு முன்னால்தான் இருக்கும் என்று பின்னோக்கியே தேடினேன். முக்கால் மணி நேரம். உதவி மேசை பத்தடி தூரத்தில்தான் இருந்தது. போய்க் கேட்க வாய் வரவில்லை. என் அறைத்தோழியோ தினமும் அங்கேதான் இருக்கிறாள். ஒரே வகுப்பு, ஒரே பாடம், எங்களுக்குள் ஏன் இந்த வித்தியாசம்?

பதில் 1:
நான் உதவி மேசையில் பல வருடமாக வேலை பார்க்கிறேன் அம்மா. முதலில் எண் விஷயம்: புள்ளிக்குப் பிறகு ஒவ்வொரு இலக்கமாகப் பாருங்கள். 5-க்கு அடுத்து அங்கே 3, இங்கே 4. அதனால் 519.54 பின்னால்தான் வரும். இதில் தடுமாறாதவர்கள் குறைவு.

அப்புறம், உங்கள் தயக்கத்துக்குப் பெயரே உண்டு: நூலகப் பதற்றம். கான்ஸ்டன்ஸ் மெலன் என்பவர் அமெரிக்காவில் 6,000 மாணவர்களிடம் ஆராய்ந்து 1986-இல் எழுதினார். நூலகத்தில் தேடத் தொடங்கியபோது பயமாக இருந்தது என்று சொன்னவர்கள் 75 முதல் 85 சதவீதம். மற்றவர்களுக்கெல்லாம் தெரியும், எனக்குத்தான் தெரியாது, தெரியாதது வெட்கம், கேட்டால் வெளியே தெரிந்துவிடும். இந்த மூன்றும் சேர்ந்துதான் காலைக் கட்டிப்போடுகிறது. என் மேசைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் "தொந்தரவுக்கு மன்னிக்கவும்" என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். கேட்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கும். இதில் எங்கள் பங்கும் உண்டு. ஷாரன் பாஸ்டிக் 1992-இல் இந்தப் பதற்றத்தை அளக்க 43 வாக்கியங்கள் கொண்ட அளவுகோல் தயாரித்தார். அதில் ஊழியர்களால் வரும் தடையே ஒரு தனிப் பிரிவு. குனிந்து திரையையே பார்த்துக்கொண்டிருக்கும் ஒருவரிடம் யாருக்குத்தான் கேட்கத் தோன்றும்?

பதில் 2:
எல்லாவற்றையும் பயத்தில் போட்டுவிட வேண்டாம். நான் பகலில் வேலை பார்த்துக்கொண்டே ஆய்வு செய்கிறேன், வீட்டில் கைக்குழந்தை. நான் கிளம்பும் நேரத்துக்கு நூலகம் மூடியிருக்கும். இரவு பதினொரு மணிக்கு, குழந்தை தூங்கிய பிறகு, வீட்டிலிருந்தே மின்னிதழ்களைத் திறக்கிறேன். வருகைப் பதிவேட்டை மட்டும் பார்த்தால் நான் நூலகமே தொடாதவள். வீட்டில் பேசுவது ஒரு மொழி, படிப்பது வேறொரு மொழி என்றால் கேள்வியை வாக்கியமாக்குவதே பெரும்பாடு. உங்கள் தோழிக்குப் பள்ளியிலேயே நூலகம் பழக்கமாகியிருக்கலாம், கேட்டுப் பாருங்கள்.

பதில் 3:
தலைப்பு முடிவாகிவிட்டதா? கரோல் குல்தாவ் என்ற ஆய்வாளர் தேடலை ஆறு கட்டமாகப் பிரித்தார். மூன்றாவது கட்டத்தில், அதாவது தலைப்பைத் தேர்ந்த பிறகு அங்குமிங்கும் படிக்கும்போதுதான் குழப்பம் அதிகமாகும் என்கிறார். எனக்கு அப்படித்தான் நடந்தது. அந்த மாதம் முழுக்க நூலகம் பக்கமே போகவில்லை.

கேட்டவர்:
தோழியைக் கேட்டேன். அவள் அம்மா பள்ளி நூலகராம், சிறு வயதிலிருந்தே அலமாரிகளுக்கு நடுவில்தான் வீட்டுப்பாடம் எழுதுவாளாம். எனக்கு இது தெரியவே தெரியாது.

இன்று எண்ணை ஒரு தாளில் எழுதிக்கொண்டு மேசைக்குப் போனேன். பேசக்கூட வேண்டியிருக்கவில்லை, தாளை நீட்டினேன். மேசையில் இருந்த அம்மா எழுந்து கூடவே வந்து, விரலைப் புத்தகங்களின் முதுகு லேபிள்கள் மேல் ஓட்டிக்கொண்டே போய் ஓர் இடைவெளியில் நிறுத்தினார். புத்தகத்தை யாரோ எடுத்துப் போயிருந்தார்கள். என் பெயரில் முன்பதிவு செய்துவிட்டார், வியாழக்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்.