டிஸ்அலவ் போட்டும் கூகுளில் பக்கம் வருகிறதே?

கேள்வி: ரோபோட்ஸ் டெக்ஸ்ட்டில் (தேடுபொறிகள் தளத்தில் எங்கே வரலாம் என்று சொல்லும் கோப்பு) டிஸ்அலவ், அதாவது வராதே என்ற வரி, பக்கத்தில் நோஇண்டெக்ஸ், அதாவது தேடல் பட்டியலில் சேர்க்காதே என்ற குறிப்பு, இரண்டும் போட்டாச்சு. ஆனாலும் விவரம் இல்லாமல் முகவரி மட்டும் கூகுளில் நிற்கிறது. எப்படி எடுப்பது?

பதில்: இரண்டையும் சேர்த்துப் போட்டதுதான் சிக்கல். டிஸ்அலவ், பக்கங்களைப் படிக்கும் கூகுளின் நிரலான கூகுள்பாட் உள்ளே வருவதைத்தான் தடுக்கும், பட்டியலில் சேர்வதை அல்ல. உள்ளே வராத பாட் நோஇண்டெக்ஸை எப்படிப் படிக்கும்? வேறு தளங்கள் தந்த லிங்க்கைப் பார்த்தே கூகுள் முகவரியைச் சேர்த்துவிடும். முதலில் டிஸ்அலவ் வரியை நீக்குங்கள். பிறகு சர்ச் கன்சோலில் (தள உரிமையாளர்களுக்கான கூகுள் கருவி) யூஆர்எல் இன்ஸ்பெக்‌ஷன் போய் ரிக்வெஸ்ட் இண்டெக்ஸிங் கொடுங்கள்; பாட் மறுபடி வந்து நோஇண்டெக்ஸைப் படிக்கத்தான் இது.

பதில்: வரியை நீக்கியதும் அந்த ரிக்வெஸ்ட்டைக் கொடுத்துவிடாதீங்க. பழைய ரோபோட்ஸ் கோப்பையே கூகுள் பொதுவாக 24 மணி நேரம் வரை வைத்திருக்கும். அவசரம்னா சர்ச் கன்சோலிலேயே ரிமூவல்ஸ்னு ஒரு வசதி இருக்கு. முகவரியைத் தேடலில் சுமார் 6 மாதம் மறைக்கும், நிரந்தரம் இல்லை.

பதில்: பிடிஎஃப் என்றால் நோஇண்டெக்ஸை எழுதும் மெட்டா டேக் (பக்கத்தின் நிரலில் வைக்கும் குறிப்பு) வைக்க இடமில்லை. சர்வர் கோப்போடு சேர்த்து அனுப்பும் தகவலான ஹெட்டரில், எக்ஸ்-ரோபோட்ஸ்-டேக் என்ற பெயரில் நோஇண்டெக்ஸ் அனுப்புங்கள்.