கலைச்சொல் வேண்டும்: ‘பேசிக் ஸ்ட்ரக்சர்’

அன்பர்களே, வணக்கம்.
சட்ட மாணவர்களுக்கான நூல் ஒன்றைத் தமிழாக்குகிறோம். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகவேண்டும். அரசமைப்பைத் திருத்தினாலும் அதன் அடித்தளத்தைச் சிதைக்கக் கூடாது என்று கேசவானந்த பாரதி வழக்கில் (1973) உச்ச நீதிமன்றம் வகுத்த ‘பேசிக் ஸ்ட்ரக்சர்’ கோட்பாட்டுக்கு ‘அடிப்படைக் கட்டமைப்பு’ என்று போட்டிருந்தோம். வகுப்பில் படித்துக் காட்டினால் பலரும் சாலை, குடிநீர், மின்சாரம் என்று எடுத்துக்கொள்கிறார்கள். செய்திகளில் ‘அடிப்படைக் கட்டமைப்பு வசதி’ என்றே கேட்டுப் பழகியிருக்கிறார்கள். வேறு நல்ல சொல் உண்டா?

*

இலங்கையில் அரசமைப்பை ‘யாப்பு’ என்கிறார்களே, அதைப் பிடித்துக்கொள்ளலாம். யாத்தல் என்றால் கட்டுதல். செய்யுள் கட்டும் இலக்கணத்துக்கும் யாப்பு என்றே பெயர். வெண்பாவில் சொல்லை மாற்றலாம். ஆனால் சீரோடு சீரைப் பிணைக்கும் தளை தட்டினால் அது வெண்பா இல்லை. தீர்ப்பும் அதைத்தான் சொல்கிறது. அரசமைப்பின் 368ஆம் பிரிவின்படி நாடாளுமன்றம் எந்தப் பகுதியையும் திருத்தலாம். திருத்திய பிறகும் அது அதே அரசமைப்பாக நிற்கவேண்டும். ஆகவே ‘யாப்புத்தளை’.

*

ஐயா, தளை என்றால் விலங்கு. குடிமக்களின் உரிமையைக் காக்கும் கோட்பாட்டுக்கு அந்தப் பெயரா?

*

விலங்கு நாடாளுமன்றத்துக்குத்தான் அம்மா. அரசமைப்புத் திருத்தத்தை எந்த நீதிமன்றமும் கேள்வி கேட்கக் கூடாது என்று 1976இல் 42ஆவது திருத்தம் எழுதிவைத்தது. 1980இல் மினர்வா மில்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதைச் செல்லாது என்றது. இந்தத் தளை இல்லாவிட்டால் எதைக் கொண்டு தடுத்திருப்பார்கள்?

*

வழக்காடுபவன் என்ற முறையில் ஒன்று. தனிமடலில் ஒருவர் ‘திருத்தவொண்ணா உரிமைகள்’ என்று எழுதியிருந்தார். அது பொருளையே மாற்றிவிடும். அடிப்படை உரிமைகளைப் பறிக்கவோ குறைக்கவோ நாடாளுமன்றத்தால் முடியாது என்றது 1967இன் கோலக்நாத் தீர்ப்பு. 1971இல் 24ஆவது திருத்தம், அந்த உரிமைகளையும் நாடாளுமன்றம் திருத்தலாம் என்று அதைத் தாண்டிப் போனது. 1973இல் 13 நீதிபதிகள் அமர்ந்து, 7-6 என்று பிரிந்து, அந்தத் திருத்தம் செல்லும், ஆனால் அடிப்படைக் கட்டமைப்பைச் சிதைக்கக் கூடாது என்றார்கள். அதற்குப் பிறகும் 1978இல் சொத்துரிமை அடிப்படை உரிமைகளிலிருந்து நீங்கி 300ஏ பிரிவுக்குப் போனது. ‘அடிப்படைக் கூறு’ என்றாலும் மாணவர்கள் எண் போட்ட பிரிவைத் தேடுவார்கள். இந்தக் கோட்பாடு எந்தப் பிரிவிலும் எழுதப்படவில்லையே.

*

அப்படியானால் ‘ஆதாரக் கட்டமைப்பு’?

*

நீதிமன்றத்தில் ஆதாரம் என்றால் சான்று. வேண்டாம்.

*

அனைவருக்கும் நன்றி. இனியும் அச்சகத்தைக் காக்கவைக்க முடியாது. பெரும்பாலோர் பழைய சொல்லே இருக்கட்டும் என்கிறீர்கள். ‘அரசமைப்பின் அடிப்படைக் கட்டமைப்பு’ என்று போடுகிறோம். முதற்சொல்லை எங்கும் விடமாட்டோம்.

*

நீங்கள் விடமாட்டீர்கள். வாசிப்பவர்கள் இரண்டாம் பக்கத்திலேயே சுருக்கிவிடுவார்கள், அப்புறம் மறுபடியும் சாலையும் குடிநீரும்தான். ‘யாப்புத்தளை’யை அடிக்குறிப்பிலாவது சேருங்கள்.